பீரோவுக்கு எட்டு வர்ணம்

மகனே,

நீ அனுப்பிய குரல் பதிவை இதோடு பத்துப் பதினைந்து தடவை கேட்டுவிட்டேன். பின்னால் கிரைண்டர் ஓடுகிறது, யாரோ தகரத்தைத் தரையில் இழுக்கிறார்கள், நடுவில் நீ கத்துகிறாய். "நைனா, பீரோ பக்கத்துல ஒரு கார்டு மாட்டணும். எந்த கலரு எப்போ பூசுன, எதுக்குப் பூசுனன்னு நாலு வரி எழுதிக் குடு. கண்காட்சிக்கு வர்ற ஜனங்க நின்னு படிப்பாங்க. நீலத்துக்கும் செங்கலுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு மஞ்சக் கோடு கீது, அது ப்ரைமரா இன்னான்னும் சொல்லு." நாலு வரிதானே என்று காலையில் காபி குடித்த கையோடு உட்கார்ந்தேன். இன்றோடு நாலு நாள் ஆகிறது. உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போகிறேன், திரும்பி வந்து இதே நாற்காலியில் உட்கார்கிறேன். நாலு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயம் என்றால் முப்பது வருஷமாக அதை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்க மாட்டேன்.

முதலில் உன் பட்டறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எழுதப்போவதைப் படித்தால் இதைக் கேட்க உனக்கு மனசு இருக்காது. போன வாரம் நீ கூப்பிட்டாய் என்று கொரட்டூரில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கால் மடக்கி உட்கார்ந்து வந்து சேர்ந்தேனே, அன்றைக்குத்தான் உன் வேலையை முழுசாகப் பார்த்தேன். வாசலில் ஆரஞ்சு வர்ண ஷட்டர், அதில் பழைய சினிமா விளம்பரப் பலகை மாதிரி கொழுத்த எழுத்தில் "வாங்க, உக்காருங்க". அதைப் போட்டோ எடுத்து என் பழைய ஷிஃப்ட் ஆட்களுக்கெல்லாம் அனுப்பினேன். உள்ளே போனால் டவுன் பஸ் சீட்டு ஊஞ்சலாகத் தொங்குகிறது. ஸ்கூட்டரின் முகத்தை அறுத்து மேஜை விளக்கு செய்திருக்கிறாய், எரிய வைக்க ஹாரனை அமுக்க வேண்டுமாம். மரப்பெட்டி டிவிக்குள் மீன் நீந்துகிறது, சேனல் குமிழைத் திருப்பினால் தண்ணீரின் நிறம் மாறுகிறது. யாரடா இதையெல்லாம் யோசிக்கச் சொன்னது உன்னை? எனக்குச் சிரிப்பும் வந்தது, கர்வமும் வந்தது. பிறகு அந்தச் சுழற்றும் டெலிபோன். எந்த எண்ணைச் சுற்றினாலும் ஒரு கிழவன் "ராங் நம்பர்யா! அறிவு கீதா உனக்கு?" என்று பாய்கிறான். அது என் குரல் என்று கண்டுபிடிக்க எனக்கே இரண்டு தடவை சுற்ற வேண்டியிருந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நித்யா மட்டும் சிரிக்கவில்லை. நீ அடுத்த மாதம் கட்டிக்கொள்ளப் போகிற பெண், உன் சாமான்களுக்கெல்லாம் எழுத்து எழுதுகிறவள், பிரஷைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் நம் பீரோவைக் காட்டினாய். மூன்று மாதம் முன்னால் கொரட்டூர் வீட்டிலிருந்து நீ தூக்கிக்கொண்டு போனபோது அது வெறும் கிரீம் வர்ணப் பீரோ. இப்போது கதவு முழுக்க உப்புத்தாளால் முட்டை முட்டையாகத் தேய்த்திருக்கிறாய். ஒவ்வொரு முட்டையிலும் வளையத்துக்குள் வளையமாக நிறங்கள்: வெளியே கிரீம், அப்புறம் அரக்கு, பிஸ்தா, செங்கல், நீலம், சாம்பல், நடுவில் ஆலிவ் பச்சை. பார்க்கிறவர்கள் கையை எடுக்க மனசில்லாமல் தடவுகிறார்கள். அதற்கு 'ஞாயிற்றுக்கிழமை' என்று பெயர் வைத்திருக்கிறாய். போனில் படம் பிடித்த ஒரு பெண்ணிடம் நீ சொன்னதை நான் பின்னால் நின்று கேட்டேன். "எங்க நைனா ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி, ஞாயித்துக்கிழம பீரோவுக்குப் புதுசா பெயின்ட் பூசுவாரு. இன்னா கலருன்னு என்னத்தான் கேப்பாரு. என் ஆர்ட்டெல்லாம் அங்கதான் ஆரம்பிச்சிச்சு." நீ அவளிடம் பொய் சொல்லவில்லை. நான் உனக்குச் சொன்ன பொய்யை நீ அவளுக்குச் சொன்னாய்.

ஆனாலும் அந்தப் பொய்யோடு நான் வீடு திரும்பி, கலர்ப் பெயரை மட்டும் வரிசையாக எழுதி உனக்கு அனுப்பியிருப்பேன். என் லட்சணம் எனக்குத் தெரியும். அனுப்ப விடாமல் செய்தது அந்த ஃப்ரிட்ஜ்.

தோள் உருண்ட பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், லேத்தில் கடைந்த மரக்கால், பெப்பர்மின்ட் பச்சை, உள்ளே புத்தக அலமாரி. அழகாகத்தான் இருந்தது. ஆவடி ராணுவ வண்டித் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் தகடு தட்டியவன் நான், வர்ணத்தைக் கண்ணால் பார்க்க மாட்டேன், கையால்தான் பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டு கதவின் மேல் உள்ளங்கையை ஓட்டினேன். ஒரு இடத்தில் கை ஏறி இறங்கியது. விரலால் தட்டினால் மற்ற இடத்தில் டங்கென்று வந்த சத்தம் அங்கே மட்டும் தொப்பென்று வந்தது. கீழே குழியை மூடப் பட்டி அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கதவைத் திறந்து உள்பக்கம் பார்த்தேன். உள்தகட்டைப் பிரித்துப்போட்டிருந்தாய், அங்கே நீ இன்னும் வர்ணம் பூசவில்லை. தகட்டின் முதுகில் நாலு புடைப்பு, வரிசையாக, நடுவில் இரண்டு பெரிசு. ஒரு கை முட்டியின் அச்சு அது. அந்த அச்சை இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இருக்க முடியாது. தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்தேன். நித்யாவின் காது உயரம்.

"இன்னாம்மா இது?" என்றேன் அவளைப் பார்த்து.

"வண்டில ஏத்தும்போது இடிச்சிக்கிச்சு மாமா," என்றாள் சிரித்துக்கொண்டே, நான் கேட்டு முடிப்பதற்குள்.

"வுடு நைனா, அதான் டிசைன்ல மறைஞ்சிருச்சே," என்று நீ சிரித்தாய். உன் வலது கை முட்டியில் இரண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

இடித்துக்கொண்டது. ஆவடி குவார்ட்டர்ஸில் உன் அம்மா பதினாறு வருஷம் அக்கம்பக்கத்துக்குச் சொன்ன பதில் அதுதான். "கட்டில நகத்தும்போது இடிச்சிக்கிச்சுக்கா." அதே வேகம், அதே சிரிப்பு. ஆகவே நீ கேட்டபடி எந்த வர்ணம் எதற்கு என்று எழுதுகிறேன். உட்கார்ந்து படி. பாதியில் எறிந்துவிட்டுப் போகாதே, நீ எறிவாய் என்று எனக்குத் தெரியும், எறிந்தால் எடுத்து மறுபடி படி.

ஆலிவ் பச்சை, பீரோ பிறந்த நிறம். உன் அம்மா வீட்டில் சீராகக் கொடுத்தது. மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்தில் வண்டியெல்லாம் இந்த நிறம், அவருக்குப் பிடிக்கும் என்று உன் தாத்தா கடை கடையாக ஏறித் தேடி வாங்கினாராம். ஐந்து மாதம் அந்தப் பச்சை அப்படியே இருந்தது.

சாம்பலுக்குக் காரணம் ஒரு டிபன் டப்பா மூடி. மாற்றி மூடி அனுப்பிவிட்டாள், குழம்பு பையெல்லாம் கொட்டி என் சட்டை நனைந்தது, கேன்டீனில் நாலு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அவளைப் பீரோ ஓரமாக நிறுத்திவைத்துக் கத்தினேன். அவள் ஏதோ பதில் சொன்னாள். என் முட்டி அவள் காதோரமாகப் போய்த் தகட்டில் இறங்கியது. அவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். கை வீங்கிவிட்டது, ஆனால் எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. கொலைவெறியோடு இறங்கிய கை, அந்தச் சத்தம் கேட்டதும் குளிர்ந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை என் தொழில் சாமான் பையைத் திறந்தேன். முன்பக்கம் இரும்புக்கட்டையை முட்டுக் கொடுத்து உள்ளேயிருந்து மரச்சுத்தியால் தட்டினால் குழி எழும்பிவிடும். எழும்பாத மிச்சத்துக்குப் பட்டி. பிறகு உப்புத்தாள், ப்ரைமர், வர்ணம். அடிபட்ட இடத்துக்கு மட்டும் பூசினால் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் பீரோ முழுக்கப் பூச வேண்டும். சாயந்திரம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "உன் ஊட்டுக்காரரு கை தங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மா தலையை ஆட்டினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நிஜமாகவே நம்பினேன். தகடு நேராகிவிட்டால் விஷயம் நேராகிவிட்டது என்று நினைக்க ஒரு தகட்டுக்காரனால்தான் முடியும்.

நீலத்துக்கு ஸ்டூலை எறிந்தேன். அவள் குனிந்தாள். அதைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அந்த இரண்டு தடவையும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: நான் பெண்டாட்டியை அடிக்கிறவன் இல்லை, பீரோவை அடிக்கிறவன். எதிர் வரிசையில் ஒருவன் பெல்ட்டைக் கழற்றுவான், குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும். அவனைப் பற்றி நானே கேவலமாகப் பேசியிருக்கிறேன். இப்போது நீ உனக்கு என்ன சொல்லிக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஃப்ரிட்ஜைத்தானே குத்தினேன் என்கிறாய். அவள் மேல் ஒரு விரல் படவில்லை என்கிறாய். குத்திய இடத்துக்கும் அவள் தலைக்கும் நடுவில் எத்தனை விரற்கடை இருந்தது என்று மட்டும் யோசித்துப் பார். நீ குறி தவறவில்லை. அடுத்தது எங்கே விழும் என்று அவளுக்குக் காட்டினாய். நானும் அதைத்தான் காட்டினேன்.

செங்கல் நிறத்தில்தான் முதல் தடவையாகப் பீரோவுக்கும் எனக்கும் நடுவில் அவள் இருந்தாள். உனக்கு நாலு வயசு. நீ பக்கத்து வீட்டில் கேரம் போர்டின் மேல் உட்கார்ந்திருந்தாய். அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கதவில் மோதினேன், இரண்டு தடவை. இழுத்த காரணம் நினைவில் இருக்கிறது, எழுதினால் நீ சிரிப்பாய், எழுத மாட்டேன். அந்த ஞாயிறுதான் உன்னை முதல் தடவை மடியில் உட்காரவைத்து, "இன்னா கலரு வேணும் ராஜா?" என்று கேட்டேன். நீ ஜன்னல் வழியாகக் குவார்ட்டர்ஸ் சுவரைக் காட்டினாய். உனக்கு வாங்கிக் கொடுத்த சின்ன பிரஷில் நீ கீழ் மூலையில் பூசினாய். கன்னம் வீங்கிய உன் அம்மா எதிரே உட்கார்ந்து உனக்குக் கை தட்டினாள். நீ ஞாபகம் வைத்திருக்கிற சந்தோஷம் அதுதான். அதைப் பிடுங்குவதற்கு எனக்கு வலிக்கிறது, ஆனால் அது திருட்டுச் சொத்து, உன்னிடம் விட்டுவைக்க முடியாது.

பிஸ்தா எதற்கு என்று எனக்கு ஞாபகமே இல்லை. நாலு நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். நீ ஐஸ்கிரீம் நிறம் கேட்டது ஞாபகம் இருக்கிறது, டின்னைத் திறந்ததும் நீ குதித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தின நாள் அவளை என்ன செய்தேன் என்பது மட்டும் சுத்தமாகத் துடைத்துப்போய்விட்டது. இவ்வளவு சுலபமாக மறக்க முடிகிறது என்னால்.

இனி அரக்கு. உன் அம்மாவுக்கு இடது காது கேட்காது. உன் சின்ன வயசில் அவளுக்குக் காய்ச்சல் வந்து கேட்காமல் போய்விட்டது என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். நீயும் எங்கே போனாலும் அவளுக்கு வலது பக்கமாகவே நடக்கிறாய், நல்ல பிள்ளை. காய்ச்சல் எதுவும் வரவில்லை. உனக்கு எட்டு வயசு. அன்றைக்குப் பகல் ஷிஃப்டில் நான் தட்டிய ஒரு தகட்டை வளைவு சரியில்லை என்று எல்லோர் முன்னாலும் ஒதுக்கிவைத்தார்கள். மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்து அவளிடம் புலம்பினேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "உன் கைக்கேவா கோணல் வந்துச்சு?" என்று சிரித்தாள். கிண்டல்கூட இல்லை அது, அன்பாகத்தான் சொன்னாள். நான் கைவிரித்து அறைந்தேன். அறைந்த வேகத்தில் அவள் தலையின் மறுபக்கம் பீரோ விளிம்புக்குப் பக்கத்தில் மோதியது. ஒரு தகடு உள்வாங்கும் சத்தத்தை நான் ஆயுசு முழுக்கக் கேட்டிருக்கிறேன். ஒரு மனுஷியின் தலையால் அது உள்வாங்கும் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தில் எனக்குக் கஷ்டமானது. அவள் தரையில் கிடந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் ஒரு கோடாக இறங்கி ரவிக்கையில் பட்டது. நான் முதலில் பீரோவைத்தான் பார்த்தேன். உள்ளங்கையை வைத்துத் தடவி, எவ்வளவு ஆழம் என்று பார்த்தேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். பையை எடுத்து வந்து, கதவைத் திறக்க இடம் போதவில்லை என்று, "கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று அவளிடம் சொன்னேன். அவள் தள்ளி உட்கார்ந்தாள். முந்தானையைக் காதில் பொத்திக்கொண்டு, நான் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டி முடித்தேன். நீ வந்தாய். "இன்னா கலருடா வேணும்?" என்று கேட்டேன். நீ அம்மாவின் ரவிக்கையைப் பார்த்துவிட்டு, "அரக்கு" என்றாய். மறுநாள்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் நான் சொன்னபோது அவளுக்கு அது சரியாகக் கேட்கவில்லை, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு பல வருஷம் புது வர்ணம் இல்லை. அதனால் நான் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. பீரோ பக்கமாக எதையும் செய்யக்கூடாது என்று மட்டும் கற்றுக்கொண்டிருந்தேன். தலையணையில் அவள் முகத்தை அழுத்தினால் பட்டி வேண்டியதில்லை.

கடைசி வர்ணம் கிரீம். அது உன் கைவேலை. நீ பத்தாவது படித்தாய். என் வலது கை தொழிற்சாலை மெஷினில் மாட்டிக்கொண்டது என்று உனக்குச் சொன்னோம், இந்த இரண்டு விரல் கோணிப்போன கதை. மெஷினில் மாட்டவில்லை. நான் அன்றைக்கு ஒரு தட்டை எறிந்தேன், அது கதவில் பட்டு ஒரு கீறல் விழுந்தது. எறிந்துவிட்டு வழக்கம்போல் எழுந்து போய், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்துத் தடவினேன், குழி இருக்கிறதா என்று. கண்ணை மூடியிருந்தேனா, உன் அம்மா பையிலிருந்து சுத்தியலை எடுத்தது தெரியவில்லை. மரச்சுத்தி இல்லை, இரும்புச் சுத்தியல். இரண்டு கையாலும் ஓங்கி என் கையின் மேல் போட்டாள். எலும்பு நொறுங்குவதும் தகடு உள்வாங்குவதும் ஒரே நேரத்தில் கேட்டது. நான் அலறிக்கொண்டு கீழே விழுந்தேன். அவள் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "தடவிப் பாத்தியே, பதினாறு வருசமா தகட்டத்தான் தடவிப் பாத்த," என்றாள். "இன்னொருவாட்டி கை ஓங்கு, மண்டையில போடுவேன்." போட்டிருப்பாள். அவள் கண்ணைப் பார்த்தேன், போட்டிருப்பாள்.

கட்டுப் போட்ட கையோடு நான் கட்டிலில் கிடந்தபோது, நீ என் பையை எடுத்து நீயாகவே அந்தக் குழிக்குப் பட்டி வைத்து, கிரீம் வர்ணம் பூசினாய். ஒரு திட்டு தெரியவில்லை. உன் முதல் வேலை. உன் அம்மா எனக்கு எதிராகத் தன் வாழ்க்கையில் செய்த ஒரே காரியத்தை நீ அவ்வளவு நேர்த்தியாக மூடினாய். நான் உன்னைப் பாராட்டினேன்.

அப்படித்தான் நான் நின்றேன். திருந்தி நிற்கவில்லை, அவள் நிறுத்தி நின்றேன். அதற்குப் பிறகு வந்த நல்ல வருஷங்களுக்கு, நீ பார்த்து வளர்ந்த அந்தச் சாதுவான அப்பாவுக்கு, உடைந்த இந்த விரல்கள்தான் காரணம். புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் ஒன்று எனக்குத்தான் தெரியும், வேறு யார் சொன்னாலும் உனக்கு உறைக்காது. கைவேலை தெரியாத ஒருவன் கதவை உடைத்தால் உடைந்த கதவு வீட்டில் கிடக்கும், வருகிறவர்கள் பார்ப்பார்கள், கேட்பார்கள், அவனுக்கு வெட்கம் வரும். உனக்கும் எனக்கும் அந்த வெட்கம் வராது. நம் கைவேலை அவ்வளவு சுத்தம். இதில் நீ என்னையும் மிஞ்சிவிட்டாய். நான் மறைக்கத்தான் பூசினேன், உனக்கோ அதைப் பார்க்கக் கூட்டம் வருகிறது.

இதுவரை எழுதி, மடித்து, உன் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படித்தாள். ஒரு தாளைக்கூட அவசரமாகத் திருப்பவில்லை. நான் எதிரே நின்றேன், உட்காரத் தோன்றவில்லை. முடித்துவிட்டு,

"மஞ்ச இன்னா ஆச்சு?" என்றாள்.

"அது ப்ரைமரு," என்றேன்.

"ப்ரைமரா? இவன் வவுத்துல ஏழு மாசம். நீ ஒதைச்ச ஒதையில பீரோ கதவு உள்ள போயிட்ச்சு. நான் நவுந்துட்டேன், அதனால கதவுக்குப் பட்டுச்சு. நீ சட்டய மாட்டிக்கினு உங்க ஊருக்குப் பூட்ட. மூணா நாளு வளைகாப்பு, அம்பது பேரு வராங்க. நான்தான் ஆட்டோ ஸ்டாண்டுல கேட்டு ஒரு டப்பா மஞ்ச வாங்கியாந்து, உன் பட்டிய அடைச்சி, ஸ்டூலு மேல ஏறிப் பூசினேன். வந்தவ எல்லாம் மங்களகரமா கீதுன்னா. நீ வந்து பாத்த. ஏன் மஞ்சன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. வளைகாப்புக்குப் பூசியிருக்கிறாள் என்று நினைத்து, அதையும் மறந்து, உனக்கு ப்ரைமர் என்று பதில் எழுத இருந்தேன். என் கணக்கில் ஏழுதான். அவள் கணக்கில் எட்டு. மகனே, அந்த மஞ்சள் கோட்டுக்குள் நீயும் இருந்தாய்.

"இத யாருக்குக் குடுக்கப் போற?" என்று கேட்டாள்.

"அவனுக்குத்தான்."

"மொதல்ல அந்தப் பொண்ணு கையில குடு. எனக்கு ஒருத்தரும் குடுக்கல."

அதனால் நேற்றுக் காலை பஸ் ஏறி ஐயப்பன்தாங்கலுக்குப் போனேன். டிப்போவுக்குப் பின்னால் நித்யாவின் வீடு. அவள் அம்மா காபி போட உள்ளே போனபோது இந்தத் தாள்களை அவளிடம் நீட்டினேன். இது உனக்குத் துரோகமாகத் தோன்றலாம். தோன்றட்டும். நீ என்னோடு பேசாமல் போகலாம் என்று யோசித்துத்தான் போனேன். ரொம்ப நேரம் யோசித்தேன், பிள்ளையென்று எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான்.

அவள் அழவில்லை. படித்து முடித்து, தாள்களின் முனையை ஒன்றாகத் தட்டி அடுக்கினாள். பிறகு, "ஃப்ரிட்ஜு மொதல் இல்ல மாமா," என்றாள், உள்ளே அம்மாவுக்குக் கேட்காத குரலில். "ஷட்டருதான் மொதல். பொங்கலுக்கு முன்னாடி. அவரு ஆரஞ்சு பூசினாரு. அந்தக் குழி மேல எழுத்து எழுதினது நான்தான்."

வாங்க, உக்காருங்க. நான் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேனே, அது.

கல்யாணம் நடக்குமா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டாள், எடுத்துக்கொண்டாள். அசல் இதோ உன்னிடம் வருகிறது. நீ மூன்றாவதாகப் படிக்கிறாய்.

சனிக்கிழமை கண்காட்சி. அதற்குள் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தின்னரை எடுத்து ஃப்ரிட்ஜின் பச்சையைச் சுரண்டு, பட்டியை நோண்டி எடு, குழி குழியாகவே இருக்கட்டும். பீரோவின் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்து. அந்த டெலிபோனில் என் குரலை எடுக்காதே, ஜனங்கள் கேட்கட்டும், ஆனால் யார் குரல் என்று கீழே எழுது. நீ கேட்ட கார்டை நான் எழுத மாட்டேன். பூசியவன் எழுதினால் இன்னொரு கோட்டு பூசியதாகத்தான் ஆகும். பீரோவுக்கு அம்மா எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள், ஏற்கெனவே பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஃப்ரிட்ஜுக்கு எழுத வேண்டியவள் நித்யா. நீயே ஐயப்பன்தாங்கல் போய் அவளைக் கேள். எழுத மாட்டேன் என்பாள், கல்யாணம் வேண்டாம் என்பாள், ஒன்றுமே சொல்லாமல் கதவைச் சாத்துவாள், எதுவானாலும் கேட்டுக்கொண்டு திரும்பி வா. வாசலுக்கு வெளியே நின்று கேள். கேட்கும்போது உன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நில்.